இருபத்திரண்டு மாத்திரைகள்

1

ஜூலை 9, புதன்கிழமைக்கு நேராக என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"காலை 7.10. செ.மு.விடமிருந்து படம். சிகிச்சைப் புத்தகத்தின் ஒரு பக்கம். மார்ச் 25: முப்பது மாத்திரை தரப்பட்டது. ஏப்ரல் 22: மீதி இரண்டு, சரி. கீழே சிவப்பு மையில்: வைரஸ் அளவு அதிகம், மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்ட பின் மறுபரிசோதனை. மாத்திரைக் கணக்கு சரி. ரத்தம் சரியில்லை. ஏன்?"

செ.மு. என்பது செல்லமுத்து. அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல; குறிப்பேட்டில் உள்ள எழுத்தையும் இங்கே மாற்றியிருக்கிறேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேர மட்டும் மாத்திப் போடுங்க அம்மிணி, வெக்கிற பேரு நல்ல பேரா இருக்கோணும்" என்றார். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் என் அண்ணனின் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். அதற்கு முன் அண்ணனின் முட்டை லாரியைப் பல வருடம் கேரளத்துக்கும் மராட்டியத்துக்கும் ஓட்டினார். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும், அண்ணன் அவரை லாரியிலிருந்து இறக்கிப் பண்ணையிலேயே வேலையும், குடியிருக்க ஓர் ஓட்டு வீடும் கொடுத்தார். அந்த நாளில் அது பெரிய காரியம். வேறு முதலாளியாக இருந்தால் கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்.

அரசு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் மாத்திரை இலவசம். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. பக்கத்திலேயே மையம் இருக்க, செல்லமுத்து இரண்டு பஸ் மாறி சேலம் பக்கம் போகிறார். நாமக்கல் வட்டாரத்தில் லாரி ஆபீஸ்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு அவர் முகம் தெரியும். காரணமில்லாமல் ஒருவர் மாதாமாதம் சேலம் போனால் பண்ணை வரிசை வீடுகளில் கேள்வி வரும் என்பதால், போகும்போதெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த விலைக்கு மளிகை வாங்கிவருவார். சீரகம், மிளகு, பூண்டு. பண்ணைப் பெண்கள் சீட்டெழுதிக் கொடுப்பார்கள். மாத்திரை டப்பா சீரகப் பைக்குள் வரும்.

ஒரு நாள் கூலி போக, இரண்டு பஸ் சார்ஜ் போக, மளிகை மூட்டையைத் தூக்கிவரும் தோள்வலியும் சேர்ந்துதான் அந்த இலவசம்.

2

நான் இங்கிலாந்தின் வடக்கில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறேன். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்குத் தேதி கொடுப்பது என் வேலை. கடிதம் அனுப்புவேன், வராதவர்களைக் கூப்பிடுவேன், மாற்றுத் தேதி போடுவேன். நான் பார்க்கும் பிரிவுகளில் எச்.ஐ.வி. பிரிவும் ஒன்று. உறையின் மேல் எந்தப் பிரிவு என்று அச்சிட மாட்டோம். வக்கீலும், அலுவலகம் பெருக்குகிறவரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஆறு மாதத்துக்கு மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு இங்கே பாலும் தேனும் ஓடுவதாக ஊரில் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு முறை வராதவர்களின் பட்டியலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்தான் எடுக்கிறேன். அதில் வக்கீல்கள் இருப்பதில்லை. விடியற்காலை ஷிப்ட் முடிந்து தூங்கிப்போனவர்கள், பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள், அகதியாக வந்து ஊர் ஊராக மாற்றப்படுகிறவர்கள்தான் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, "நீங்கள் வராததைக் கவனித்தோம்" என்ற அச்சடித்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு மரத்துவிட்டது.

செல்லமுத்து படம் அனுப்பியதும் இந்த வேலையால்தான். "அம்மிணி ஆசுபத்திரியில இருக்கறாங்க, இங்கிலீசுல எழுதினத அவங்க படிச்சுச் சொல்லுவாங்க" என்று அவர் மனைவி பழனியம்மாள் யோசனை சொல்லியிருக்கிறார். அன்று ஊர் நேரம் மாலையில் கூப்பிட்டேன். பழனியக்காதான் எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, வேலை நேரத்துல கூப்பிட்டுட்டேனா?"

"ஏனுங்க அம்மிணி, எதுக்கெடுத்தாலும் மன்னிப்பா? அந்த ஊருல மன்னிப்புக் கேக்காம தண்ணி குடிக்கமாட்டாங்களாட்ட இருக்குது."

நானும் சிரித்தேன். பிறகு, மாத்திரையை ஒரு நாளாவது விட்டாரா என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் செல்லமுத்துவின் குரல் கேட்டது: "இல்லீங்கன்னு சொல்லு." பழனியக்கா அவர் பக்கம் திரும்பி, "நீ பேசாம இரு. டாக்டர்கிட்டத்தான் மறைச்சே, இவங்ககிட்டயுமா?" என்றார். பிறகு என்னிடம், "பதினெட்டு நாள் திங்கலைங்க அம்மிணி" என்றார்.

3

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இதை எழுத முடியாது.

செல்லமுத்துவுக்குத் தெரியவந்த அதே வருடம், அண்ணனும் பயந்துபோய்க் கோயம்புத்தூரில் யாருக்கும் தெரியாமல் ரத்தம் கொடுத்தார். அவருக்கும் இருந்தது. அண்ணிக்கு இல்லை. யாருக்கு எங்கே எப்படி வந்தது என்று இருவரையும் நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தவரை, இந்த ஜூலை வரை வீட்டிலும் பண்ணையிலும் அண்ணனின் விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேர்: அண்ணி, நான், செல்லமுத்து, பழனியம்மாள்.

அண்ணன் எந்த மையத்திலும் வரிசையில் நின்றதில்லை. கோயம்புத்தூரில் ஒரு தனியார் டாக்டர், பின்வாசல் வழியாக அனுமதி, பெயருக்குப் பதில் ஒரு எண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்குள்ள மருந்துக் கடைக்காரர், செல்லமுத்து சாப்பிடும் அதே வகை மாத்திரையைத் தனியார் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடுவார். பெட்டியின் மேல் "கோழி மருந்து" என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்தும் வைட்டமினும் தினமும் பஸ்ஸில் வருவதால், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்சலில் டப்பாக்களின் லேபிளைக்கூட உரித்துவிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார் அண்ணன். இந்த ஏற்பாட்டைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை பார்சல் வந்தபோது அவர் ஹைதராபாத்தில் இருந்தார். பெட்டியை வாங்கியவர் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர். ஆத்தூர்க்காரர், வேலையில் சுறுசுறுப்பு. பிரித்துப் பார்த்தார். லேபிள் இல்லாத மூன்று டப்பா, வெள்ளை மாத்திரை. கோழிகளின் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் மாத்திரையும் வெள்ளைதான். அந்த மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை மூன்று டப்பாவையும் நாலாம் ஷெட்டின் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிட்டார். கரைய நேரமாகிறதே என்று கம்பால் கலக்கியும் விட்டாராம்.

இதைச் சொல்லும்போது செல்லமுத்துவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாலாம் நெம்பர் ஷெட்டுக் கோழிக்கு இனிமே எந்தச் சீக்கும் வராதுங்க அம்மிணி. மொதலாளி வந்து தொட்டியப் பாத்தாரு பாருங்க... திட்டவும் முடியல. என்ன மாத்திரைன்னு சொல்லித் திட்டுவாரு?"

அண்ணன் திரும்பிவந்தது ஏப்ரல் 1. கையில் இருந்தது ஒரே மாத்திரை. கோயம்புத்தூர் டாக்டர் வெளிநாடு போயிருந்தார், இன்றைக்கு நாளைக்கு என்றவர் திரும்ப இரண்டு வாரம் ஆனது. அவர் சீட்டு இல்லாமல் மறுபடியும் மூன்று மாத மருந்து கொடுக்க முடியாது என்றார் கடைக்காரர். வேறு டாக்டரிடம் போவதென்றால் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். அரசு மையத்தில் போய்ச் சொன்னால் வழி செய்திருப்பார்கள். அதற்கு உள்ளே நுழைய வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் செல்லமுத்துவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை என்று பழனியக்கா சொன்னார். உள்ளே வரச் சொன்னார்கள், வரவில்லை.

"செல்லமுத்து, உன்றதுல இருக்கறதக் குடு. ரெண்டு மூணு நாள்ல எனக்கு வந்துரும், திருப்பித் தாரேன்."

மார்ச் 25 முதல் ஏப்ரல் 1 வரை எட்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார் செல்லமுத்து. மீதி இருபத்திரண்டு. அத்தனையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பாதியை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"இருக்கறதக் குடுன்னாருங்க. எண்ணிக் குடுன்னு சொல்லலீங்களே."

இரண்டு மூன்று நாள் என்றது பதினைந்து நாளானது. அண்ணனுக்குப் பார்சல் வந்தது ஏப்ரல் 17. அன்று அவர் மகனுக்குப் பெண் பார்க்க ஈரோடு போயிருந்தார். 20ஆம் தேதி, ஞாயிறு சாயங்காலம், முப்பது மாத்திரை உள்ள முழு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் செல்லமுத்து ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. மையத்தில் போய் மாத்திரை தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "எப்படித் தொலஞ்சுது, எங்க தொலஞ்சுதுன்னு கேப்பாங்க அம்மிணி. எனக்குப் பொய் கோர்வையா வராதுங்க" என்றார்.

22ஆம் தேதி மையத்துக்குப் போகும் நாள். அங்கே டப்பாவைத் திறந்து மீதியை எண்ணுவார்கள். கணக்குப்படி இரண்டு இருக்க வேண்டும். இவரிடம் இருபத்தெட்டு இருந்தது. இரண்டை எடுத்து அரசு டப்பாவில் போட்டார். வெளிக்கடை மாத்திரையை வீட்டில் வைத்திருப்பது தெரிந்தால் திருட்டுப் பட்டம் வருமோ என்று பயந்து, மீதி இருபத்தாறையும் கோழி எருக்குழியில் புதைத்துவிட்டார். மாத்திரை வீணானது பழனியக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. "ஆபத்துக்கு ஆவும், வெய்யின்னேன். கேட்டாத்தானே இந்த மனுசன்!"

இப்படித்தான் புத்தகத்தில் கணக்கு சரியாக இருந்தது. அன்று எடுத்த ரத்தத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

4

இதில் ஆபத்து என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தவறாமல் சாப்பிட்டும் வைரஸ் ஏறியிருக்கிறது என்றால், மாத்திரை இவர் உடம்பில் வேலை செய்யவில்லை என்றுதான் எந்த டாக்டரும் நினைப்பார். மறுபரிசோதனையிலும் அளவு இறங்காவிட்டால் அடுத்த கட்ட மருந்துக்கு மாற்றுவார்கள். அதற்கு அப்புறம் கையில் இருக்கும் மருந்துகள் குறைவு. விட்ட பதினெட்டு நாளை டாக்டரிடம் சொன்னால்தான் புத்தகத்துக்கும் ரத்தத்துக்கும் ஒத்துவரும். சொன்னால், ஏன் விட்டாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் அண்ணன். செல்லமுத்துவின் வேலையும் வீடும் அண்ணனிடம்.

நானே மையத்துக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு நோயாளியைப் பற்றி மூன்றாம் மனிதர் போன் செய்தால் என்ன சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். தினமும் நானே அப்படித் திருப்பி அனுப்புகிறவள்.

ஜூலை 13, ஞாயிறு அண்ணனைக் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் என் மகள் மித்ராவிடம் விஷயத்தைச் சொன்னேன். பதினேழு வயது. அவள் பள்ளியில் எச்.ஐ.வி. பற்றி நீரிழிவைப் போல, ரத்தக்கொதிப்பைப் போலப் பாடம் நடத்துகிறார்கள். அந்தச் சொல்லை அவள் உப்பை எடு என்பது போல உச்சரிப்பாள். நான் இன்னமும் தமிழில் பேசும்போது "அந்த நோவு" என்றுதான் சொல்கிறேன், அதுவும் குரலைத் தாழ்த்தி, இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும்.

"மாமா திருடினாரா?" என்றாள்.

"இல்லை. கேட்டுத்தான் வாங்கினார்."

"அந்த டிரைவரால் முடியாதுன்னு சொல்லியிருக்க முடியுமா?"

நான் தட்டைக் கழுவ எழுந்துகொண்டேன். அவளுக்கு ஊரோடு இருப்பது இந்த மாமாவும் இரண்டு கோடை விடுமுறைகளும் மட்டுமே. அந்த மாமாவையும் அன்று நான் கொஞ்சம் குறைத்துவிட்டேன்.

அண்ணன் முதலில் கோழித் தீவன விலையைப் பேசினார். நான் தேதிகளை வரிசையாகச் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"அம்மிணி, நான் என்ன ஏமாத்தவா செஞ்சேன்? இருபத்திரண்டு வாங்கினேன், முப்பதாக் குடுத்தேன். எட்டு சேத்தித்தானே குடுத்திருக்கேன்?"

"மாத்திரையத் திருப்பிட்டீங்க அண்ணா. அந்தப் பதினெட்டு நாள எங்கிருந்து எடுத்துக் குடுப்பீங்க?"

"அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல? ஒண்ணு ரெண்டு வெச்சிருப்பான்னு நெனச்சேன்."

"இல்லைன்னு சொல்ல அவரால முடிஞ்சிருக்குமா?"

 அண்ணன் பேச்சை மகன் பக்கம் திருப்பினார்: "பையனுக்குச் சம்பந்தம் பேசீட்டிருக்குது. இப்பப் போயி நான் அந்த மையத்துல நின்னு சொன்னா, மறுநா சேதி ஈரோடு வரைக்கும் போயிரும். உனக்கென்ன, நீ அங்க உக்காந்து தேதி எழுதீட்டிருக்கறே."

அது உண்மை. நான் இங்கே உட்கார்ந்து தேதி எழுதுவது அவர் முட்டை விற்ற காசில் படித்ததால்தான். என்னைக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு அழைத்துப்போய் இறக்கிவிட்டது செல்லமுத்து. போனை வைத்தேன்.

5

ஆகஸ்ட் 5, செவ்வாய். செல்லமுத்து மையத்துக்குப் போனார். அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். குரலில் பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது.

"சொல்லீட்டனுங்க அம்மிணி. பதினெட்டு நாள் திங்கலைன்னு சொல்லீட்டேன்."

"நல்லதுண்ணா. ஏன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. குடிச்சுப்போட்டு மறந்துட்டேன்னேன்."

செல்லமுத்து குடிப்பதில்லை. லாரி ஓட்டிய காலத்தில்கூடத் தொட்டதில்லை. மற்ற டிரைவர்கள் "சாமியாரே" என்று அவரைக் கேலி செய்வது எனக்கு நினைவிருக்கிறது.

"எதுக்குண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றதுங்க? டிரைவர், குடிச்சேன்னா ஒடனே நம்பிக்கிறாங்க. கோர்வையா எதும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வார்த்தைல முடிஞ்சுது."

முடியவில்லை. புத்தகத்தில் குடிப்பழக்கம் என்று எழுதினார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, சொன்னதைத்தான் எழுதினார்கள். இவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று மாற்றவிருந்தார்கள். அது நின்றது. இனி மாதாமாதம் மருந்து, அதோடு குடியை நிறுத்துவதற்கான ஆலோசனைக்கு இன்னொரு நாள். மாதத்தில் இரண்டு நாள் கூலி போகும். இரண்டாவது பயணத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்க எதுவும் மிச்சமில்லை. வரிசை வீட்டுப் பெண்கள், "ஏனுங்க, மாசத்துக்கு ரெண்டு தரம் சீரகமா?" என்று கேட்டார்களாம். ஆலோசனை அறையில் பழனியக்காவையும் உட்காரவைத்து, உன் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் என்னங்க சொல்றது? மூஞ்சியப் பாத்தேன். பாவமா உக்காந்திருந்துது. அடிக்கமாட்டாருங்க, குடிச்சா அழுவாருன்னு சொல்லீட்டு வந்தேன்."

இதைச் சொல்லி அவர் சிரித்தார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணனுக்கு இதைக் குரல் பதிவாக அனுப்பினேன். எதையும் கேட்கவில்லை. நடந்ததை, தேதியோடு, குடிப்பழக்கம் என்று எழுதியது வரை சொன்னேன். கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அதன் பிறகு நாங்கள் பேசியபோதெல்லாம் மழையையும் முட்டை விலையையும் பேசினோம். நானும் களைத்துப்போயிருந்தேன். வெள்ளிக்கிழமைப் பட்டியல் அந்த மாதங்களில் நீண்டுகொண்டே போனது.

6

செப்டம்பர் 23 மறுபரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாள் அக்டோபர் 28, செவ்வாய். அளவு இறங்கிவிட்டது. அதே மாத்திரை தொடரும். இதைச் செல்லமுத்துவும் சொன்னார், முடிவுத் தாளையும் நான் பார்த்தேன். ஆகவே இது உறுதி.

அன்று இன்னொன்றும் நடந்திருக்கிறது. வழக்கம்போல ஆலோசனைக்காக உட்காரப் போனபோது, அங்கிருந்த பெண் இவரை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"'குடிக்காத மனுசன் எதுக்கய்யா குடிச்சேன்னு சொன்னே'ன்னாங்க அம்மிணி. எனக்கு வேர்த்துப்போச்சு. 'சரி, போ, இனி மாத்திரைய ஆரு கேட்டாலும் குடுக்காதே. மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்'னு அனுப்பீட்டாங்க. நீங்க எதாச்சும் போன் பண்ணிச் சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. பழனியம்மாளும் சொல்லவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார். அண்ணி இந்தக் கதையே அறியாதவர். விஷயம் தெரிந்தவர்களில் மீதி அண்ணன் ஒருவர்தான்.

என் குறிப்பேட்டைப் பார்த்தேன். அக்டோபர் 23, வியாழக்கிழமை, ஊர் நேரம் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை அண்ணனை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறேன், எடுக்கவில்லை. மாலையில் கேட்டதற்குத் தீவன மில்லுக்குப் போயிருந்ததாகச் சொன்னார். எந்த மில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சம்பந்தம் முடிவாகவில்லை, அது வேறு காரணத்தால் என்கிறார் அண்ணி.

அன்று அவர் சேலம் மையத்துக்குப் போய், வரிசையில் உட்கார்ந்து, தன் வாயால் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அண்ணனிடம் கேட்கவில்லை. மையத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை இதை எழுதி முடிக்கும்வரை, இது சரிபார்க்கப்படாத தகவல்.